நூல் சுற்றிய கம்பி

ஓடுகிற வண்டி நடுவழியில் நின்று தொலைய வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு போனவன், சேலம் ஜில்லாவிலேயே மணியன் ஒருவனாகத்தான் இருப்பான். அதுவும் அந்த வண்டியின் பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு.

முன்னால் கைப்பிடியைப் பிடித்திருந்தவர், அவன் உதவியாளாக இருக்கும் துப்பறியும் வெள்ளியங்கிரி. பின்னால் புழுதியைத் தின்றுகொண்டே வந்தது இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணியின் போலீஸ் கார். ராசிபுரத்தில் கிளம்பிய அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் மல்லூரைத் தாண்டியும் ஒரு சிணுங்கல் சிணுங்கவில்லை. பள்ளத்தில் விழுந்தது, எழுந்தது, கல்லில் துள்ளியது, தன் பாட்டுக்குப் படபடவென்று போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணா, இது நிக்கிற மாதிரித் தெரியலீங்க" என்றான் மணியன் அவர் காதருகில்.

"பேசாம வா. நிக்கும்."

"நான் பஸ் கண்டக்டரா இருந்தப்ப வண்டி நிக்காத நாளே கெடையாதுங்க. விசில் ஊதாமயே நிக்கும். இன்னைக்குப் பாத்து இதுக்கு வந்த ரோசத்தைப் பாருங்க."

 பரமத்தி வேலூர் வெற்றிலையை ஓயாமல் மெல்லும் வெள்ளியங்கிரியின் வாய் இன்று காலையிலிருந்து காலியாகவே இருந்தது.  பேச்சுத்தான் வேடிக்கையாக வந்ததே தவிர, உள்ளுக்குள் மணியன் அழாத குறைதான். வண்டி கொண்டப்பநாயக்கன்பட்டி வரைக்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டால், ராசிபுரம் சண்முகவேல் கழுத்தில் கயிறு விழுவது நிச்சயம்.

சண்முகவேல் நெசவாளி. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது கொட்டகையில் போட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் இது. கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த பெட்ரோல் தொட்டியோடு அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் சண்முகவேல். அன்றிலிருந்து தறியைவிட்டு எழுந்தால் அதன் முன்னால்தான் உட்காருவான். எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றித் தறிக்குழியின் ஓரத்தில் பரப்பினான். வால்வுகளைச் சலித்த செங்கல் தூளிலும் விளக்கெண்ணெயிலும் தோய்த்து, மோர் கடைகிற மாதிரி உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித் தேய்த்தான். ஓட்டைத் தொட்டிக்குப் பாத்திரக் கடைக்காரரைக் கொண்டு ஈயம் பூசினான். துருவேறி இறுகிப்போயிருந்த பிஸ்டனை எண்ணெயில் ஊறப்போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்திருந்து, பதமாகத் தட்டிக் கழற்றினான். ஊர் சிரித்தது. அவன் கவலைப்படவில்லை.

எல்லாம் மாட்டி முடித்து, உதைத்தால் கிளம்பும் என்ற நிலைக்கு வந்தபோது, எலி ஒன்று வந்து மின்பொறி கிளப்பும் மாக்னெட்டோவிலிருந்து பிளக்குக்கு நெருப்புக் கொண்டுபோகும் தடித்த கம்பியை ரப்பரோடு கடித்துத் துண்டாக்கிவிட்டது. "பட்டணத்துல இருந்து புதுக் கம்பி வரணும். அதுவரைக்கும் இது வெறும் இரும்பு" என்று சண்முகவேல் கேட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நிலையில்தான் ஒரு ராத்திரி கந்தவேலை யாரோ அடித்துக் கொன்றார்கள். ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் பங்களா கட்டியிருந்த நூல் வியாபாரி அவன். அன்று காலையில் ராசிபுரம் வந்தவனிடம், இற்றுப்போன நூலைத் தலையில் கட்டிவிட்டாய் என்று நடுவீதியில் சண்டை பிடித்துக் "கொன்னு போடுவேன்" என்று கத்தியவன் சண்முகவேல். இரவில் கொட்டுகிற மழையில் பங்களா வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதென்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். சேற்றில் டயர் தடம் இருந்தது. பொழுது சாயும்போது ராசிபுரம் சந்தையிலும், விடியற்காலையில் ராசிபுரம் கிணற்றடியிலும் சண்முகவேலைப் பார்த்தவர்கள் உண்டு. இடைப்பட்ட நேரத்தில் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப பஸ் கிடையாது. மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் முடியும்.

"வண்டி ஓடாதுங்க" என்றான் சண்முகவேல், மறுநாள் காலையிலேயே போலீஸ் வாசலில் வந்து நின்றபோது. ஒரு கான்ஸ்டபிள் சும்மா ஏறி உதைத்துப் பார்த்தார். முதல் உதையிலேயே வண்டி கிளம்பிவிட்டது.

அதற்கப்புறம் அவன் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. சக்கரத்தில் சேறு இல்லையே என்று வக்கீல் கேட்டதற்கு, கழுவியிருப்பான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஜெயிலில் போய்ப் பார்த்த வெள்ளியங்கிரியிடமும் அவன் சொன்னது அதுதான். "கம்பி அறுந்துதானுங்க கெடந்துச்சு. அது எப்படிக் கெளம்புச்சுன்னு எனக்கே புரியலீங்க. சாமி கைவிட்டுருச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன்."

நாளைக்குத் தீர்ப்பு.

இன்று காலையில் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்த வெள்ளியங்கிரி அந்தக் கம்பியிடம் குனிந்து நின்றார். எலி கடித்த இடத்தில் சுண்டுவிரல் கனத்துக்குப் பருத்தி நூல் சுற்றியிருந்தது. பிடித்து வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அவருக்குக் கண் மின்னியது. நூலைச் சுற்றி நிறுத்திய கட்டு கரடுமுரடான ரோட்டில் எவ்வளவு தூரம் தாங்கும்? மல்லூர் போவதற்குள் உதறி விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டார். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, கொண்டப்பநாயக்கன்பட்டி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

தண்டாயுதபாணி கெட்டவர் அல்ல. ஆனால் பிடித்த பிடியை விடாதவர். "நின்னா, நின்னதுன்னு நாளைக்குக் கோர்ட்ல சொல்றேன். நிக்காமப் போய்ச் சேந்தா அதையும் சொல்லுவேன். சம்மதந்தானா?" என்றார்.

வெள்ளியங்கிரி சம்மதித்துவிட்டார். அவர் சம்மதித்ததை இப்போது நினைத்தால் மணியனுக்குப் பின்சீட்டிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

சேலம் கடைவீதியைத் தாண்டினார்கள். அஸ்தம்பட்டியைத் தாண்டினார்கள். மலை கிட்டே வந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலையேறும் வண்டிமாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்கருகே வெள்ளியங்கிரி தானாகத்தான் எஞ்சினை நிறுத்த வேண்டியிருந்தது.

கார்க் கதவைச் சாத்திவிட்டு இன்ஸ்பெக்டர் மெதுவாக நடந்து வந்தார்.

"என்னங்க வெள்ளியங்கிரி, சொகமான சவாரி போல இருக்கே."

வெள்ளியங்கிரி வண்டியின் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சர்க்கார் வக்கீலுக்கு இத்தனை நாளா ஒரே ஒரு கவலைதான். இவ்வளவு பழைய வண்டி இவ்வளவு தூரம் வருமான்னு எதிர்த்தரப்பு கேட்டா என்ன சொல்றதுன்னு. இன்னைக்கு அதையும் நீங்களே தீத்து வெச்சுட்டீங்க."

அவர் குத்திக்காட்டிப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னார். அதுதான் மணியனுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளியங்கிரி ஒரு வழக்கில் தோற்றதை அவன் பார்த்திருக்கிறான். தன் கையாலேயே கட்சிக்காரனுக்குச் சுருக்கு மாட்டியதை இதுவரை பார்த்ததில்லை.  சண்முகவேலின் மனைவி தெய்வநாயகி தினமும் காலையில் அவர்கள் தங்கியிருந்த சத்திரத்து வாசலில் வந்து நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். நாளைக் காலையில் அவளுக்கு எந்த முகத்தைக் காட்டுவது?

கோபம் முழுவதும் வண்டியின் மேல் திரும்பியது. தொட்டியில் மிதந்த தகரக் குவளையில் தண்ணீரை மொண்டான்.

"ராசா மாதிரி ஓடி ஒரு உசுரை வாங்கிட்டே. இந்தா, மாட்டுக்குத்தான் தண்ணி காட்டணுமா? நீயும் குடி" என்று தலையோடு ஊற்றிவிட்டான்.

"அடே, சூட்டுல சிலிண்டர் வெடிச்சுப்போகும்டா" என்று வெள்ளியங்கிரி பாய்ந்து குவளையைப் பிடுங்கினார்.

நல்லவேளை, தண்ணீர் பெட்ரோல் தொட்டியின் மேல் விழுந்து பக்கவாட்டில் வழிந்துவிட்டது. சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, "சரி, கெளப்புங்க. திரும்பிப் போலாம்" என்றார்.

வெள்ளியங்கிரி உதைத்தார். வண்டி பேசவில்லை. மறுபடி உதைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாற்றி மாற்றி உதைத்தார். இருமக்கூட இல்லை.

"பிளக்கு நனைஞ்சிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிளக்கைக் கழற்றித் துண்டால் துடைத்து, வாயால் ஊதி, வெயிலில் காய வைத்து மாட்டினார்கள். அப்படியும் இல்லை.

"மணியா, அந்தக் கம்பியை எஞ்சின் மேல படாம ஒதுக்கிப் புடி. இன்னொருக்கா ஒதைக்கிறேன்."

மணியன் பிடித்தான். வெள்ளியங்கிரி உதைத்தார். அடுத்த நொடியில் மணியன் சேற்றில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, கடிச்சுப்போட்டுதுங்க."

"எங்க?"

"கையிலதானுங்க. கரண்டு அடிச்ச மாதிரி தோள்பட்டை வரைக்கும் ஏறி எறங்குச்சு. இத்தனை தூரம் ஏறி வந்தவனை இப்படியா கவனிக்கறது?"

"கம்பியில எந்த எடத்துலடா புடிச்சிருந்தே?"

"நூல் சுத்துன எடத்துலதானுங்க."

 வெள்ளியங்கிரி குனிந்து, அந்த நனைந்த நூல்சுற்றை விரலால் மெதுவாக அழுத்தினார். சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டு விரலில் இறங்கியது. முகர்ந்து பார்த்தார். நூலின் நுனியைப் பிரித்து இரண்டு சுற்றுத் தளர்த்தினார். உள்ளே செம்புக் கம்பியின் இழைகளை மொத்தமாகப் பிடித்து முறுக்கியிருக்கவில்லை. ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக அதற்கு எதிர் இழையோடு சேர்த்து முறுக்கியிருந்தது.

"மணியா, நீ அம்மாபேட்டைத் தறிக்காரன் மகன்தானே. உங்கம்மா பாவு புணைக்கறப்ப விரல்ல என்ன தொட்டுக்குவாங்க?"

"சாம்பலுங்க. தறியில நெடுக்க ஓடற பழைய பாவு தீந்துதுன்னா, புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் பழைய இழையோட முறுக்கிச் சேக்கணுமில்லீங்களா? விரல் வழுக்கக் கூடாதுன்னு ஒரு சிமிட்டாச் சாம்பல் தொட்டுத் தொட்டு முறுக்குவாங்க. அந்த முறுக்கு இழை அறுந்தாலும் விடாது." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று எழுந்து நின்றான். "அதனாலதான் ரோட்டுல உதறலைங்களா?"

"அதனாலதான். கட்டுனவங்க கம்பின்னு நெனைச்சுக் கட்டலை. பாவுன்னு நெனைச்சுக் கட்டிட்டாங்க. சாம்பல் தொட்டு முறுக்கி, கஞ்சி போட்ட நூலை மேல சுத்தியிருக்காங்க. காஞ்சிருக்கற வரைக்கும் ஒண்ணுமில்லை. நெருப்பு உள்ளயே ஓடிப் பிளக்குக்குப் போயிரும். ஈரம் பட்டுதுன்னா சாம்பல் தண்ணியும் கஞ்சித் தண்ணியும் சேந்து நெருப்பை வெளிய இழுத்துரும். பிளக்குக்கு ஒண்ணும் போகாது. உன் கைக்குத்தான் போகும்."

அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். 

"ஏனுங்க, கந்தவேல் செத்த அன்னைக்கு மழை எப்பப் புடிச்சுது?"

தண்டாயுதபாணியின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "பொழுது எறங்கறப்ப. நானே ராத்திரி மழையிலதான் இங்க வந்து சேந்தேன். விடியக்காலம்தான் விட்டுது."

"ராசிபுரத்துலயும் மழைதானே?"

"எல்லா எடத்துலயும்."

"சேத்துல டயர் தடம் எடுத்தது நீங்கதானே? அது மழையில ஓடுன வண்டி. இந்த வண்டி ஒரு குவளைத் தண்ணிக்கே படுத்துருச்சு. சக்கரத்தைக் கழுவியிருப்பான்னு சொன்னீங்க. கழுவியிருந்தா, விடிஞ்சதும் உங்க கான்ஸ்டபிள் ஒதைச்ச ஒதைக்குக் கெளம்பியிருக்குமா? அன்னைக்கு இங்க வந்தது வேற வண்டிங்க."

இன்ஸ்பெக்டர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். அவர் யோசிப்பது நல்லதற்கல்ல என்று மணியனுக்கு அனுபவம்.

"ஒத்துக்கறேன். ஆனா பாதிதான். நல்ல கம்பி ஒண்ணைப் போட்டு மழையில வந்துட்டுத் திரும்பிப் போனான். அதைக் கழட்டி எறிஞ்சுட்டு இந்த நூல் கம்பியை மாட்டி வெச்சான். இப்படிச் சர்க்கார் வக்கீல் கேப்பார். நானே கேப்பேன். இதைக் கட்டுனது யாரு, எப்பக் கட்டுனது? மழை வர்றப்பவே இந்தக் கட்டு வண்டியில இருந்துச்சா? அதைச் சொல்ல ஆள் வேணும்."

"ஆள் இருக்குதுங்க. அந்த ஊட்டுல பாவு புணைக்கறது ஒரே ஒருத்திதான்."

"சண்முகவேல் சம்சாரத்தையா சொல்றீங்க? இத்தனை நாள் ஏன் வாயைத் தெறக்கலை?"

"மோட்டார் சைக்கிளைப் பத்திப் பொம்பளைகிட்ட என்ன கேக்கறதுன்னு நீங்களும் கேக்கலை, எங்க வக்கீலும் கேக்கலை. வெக்கக்கேடு, நானும் கேக்கலை."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். கம்பியைக் கழற்றி ஓர் உறையில் போட்டு முத்திரை வைத்தார். காரில் கூட வந்த ஒரு கான்ஸ்டபிளை வண்டிக்குக் காவல் வைத்தார்.

"இப்பவே போய்க் கேப்போம். ஆனா கேக்கறது நான். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கலாம், வாயைத் தெறக்கக் கூடாது. மழை, ஈரம், சாம்பல்னு ஒரு வார்த்தை உங்க பக்கத்துலருந்து வந்துச்சு, ஒரு கண் சாடை காட்டினீங்க, இது சொல்லிக்குடுத்த சாட்சின்னு நானே கூண்டுல ஏறிச் சொல்லிடுவேன்."

நியாயமான பேச்சு. மறுக்க இடமில்லை.

கார் ராசிபுரத்தை நோக்கித் திரும்பியது. பாதி வழியில்தான் மணியனுக்கு அந்த விஷயம் உறைத்தது. வெள்ளியங்கிரியின் காதில் கிசுகிசுத்தான்.

"அண்ணா, அந்தம்மா எடத்துல இருந்து பாருங்க. நான்தான் கட்டுனேன்னு சொன்னா, வண்டி அன்னைக்கு ஓடற நெலையில இருந்துச்சுன்னு ஆகும். புருசனுக்குத் தூக்குன்னுதானே நெனைக்கும்?"

"ஆமா."

"அப்ப நெசத்தைச் சொல்லவே சொல்லாதுங்களே."

வெள்ளியங்கிரி வெளியே பார்த்தார். "அதைத்தான்டா நானும் நெனைச்சுட்டு வாரேன்."

  சண்முகவேலைக் காப்பாற்றப்போவது ஒரே ஒரு உண்மை. அது தன் புருஷனைக் கொன்றுவிடும் என்று நம்பித் தெய்வநாயகி அதை இத்தனை நாளாக விழுங்கிவைத்திருக்கிறாள். கொல்லாது என்று பக்கத்தில் நின்றுகொண்டு சொல்ல இவர்களுக்கு அனுமதி இல்லை.

தெய்வநாயகி தறியருகில் உட்கார்ந்து பாவு புணைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஜெயிலில் இருந்தாலும் தறி சும்மா இருந்தால் அடுப்பு எரியாது. பக்கத்தில் கொட்டாங்கச்சியில் சாம்பல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளுத்துப் போயிருந்தன. போலீஸ் தொப்பியைக் கண்டதும் எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். அவள் பார்வை வெள்ளியங்கிரியின் முகத்துக்குப் போனது. அவர் தரையைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் முத்திரையை உடைத்துக் கம்பியை எடுத்துக் காட்டினார்.

"இது எதுல இருந்ததுன்னு தெரியுமா?"

"தெரியுங்க. வண்டியில இருந்தது."

"இதைக் கட்டுனது யாரு?"

அவள் கம்பியைப் பார்த்தாள். "தெரியாதுங்க."

"உன் வீட்டுக்காரரா?"

"அவரில்லைங்க. புதுக் கம்பி வராமத் தொட மாட்டேன்னுட்டாரு."

"அப்ப யாரு?"

"தெரியாதுங்க."

மணியன் தன்னை அறியாமல் இருமினான். இன்ஸ்பெக்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மணியன் இருமலைப் பாதியில் விழுங்கினான். வெள்ளியங்கிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தது.

"கடைசியாக் கேக்கறேன்மா. உனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதா?"

"ஒண்ணுந் தெரியாதுங்க."

இன்ஸ்பெக்டர் கம்பியை உறையில் போட்டார். பெருமூச்சு விட்டார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்றுதான் தோன்றியது. வாசலை நோக்கி நடந்தார்.  இன்னும் இரண்டு எட்டில் வாசல். அதைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது. ஒரே ஒரு வார்த்தையைக் கத்திவிட்டு ஓடிப்போனால் என்ன என்று மணியன் நினைத்தான். கத்தினால் அந்த வார்த்தையே செல்லாக்காசாகிவிடும். அவன் அழுதுவிட்டான். வெட்கமில்லாமல், சத்தமில்லாமல் அழுதான்.

அதைத் தெய்வநாயகி பார்த்துவிட்டாள். எப்போதும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள் அழுதால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தோன்றியதோ, அவள் முகம் மாறியது.

"நில்லுங்க சாமி" என்றாள்.

இன்ஸ்பெக்டர் நின்றார்.

"நாளைக்கு அவருக்குத் தூக்குன்னு முடிவாயிருச்சுங்களா?"

"அது ஜட்ஜ் சொல்றது."

அவள் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கம்பியைக் கட்டுனது நான்தானுங்க."

 இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து, பாவுக்கட்டை மேல் உட்கார்ந்தார். "எப்ப?"

"அந்த நூல்காரரு செத்தன்னைக்குத்தான். அவரு காலையில சண்டை போட்டுட்டு வந்து, சோறு உங்காமக் கெடந்தாரு. அப்புறம் சந்தைக்குப் போனாரு. வண்டி ஓடுனாலாவது அவரு மொகம் தெளியும்னு நெனைச்சேன். வெளக்கு வெக்கறதுக்கு முன்னால உக்காந்தேன். மழை புடிச்சுக்கிச்சு. சாரல் பட்டாச் சாம்பல் நீத்துப்போயிரும், முறுக்கு நிக்காது. அதனால கதவைச் சாத்திட்டு ஒவ்வொரு இழையாப் புணைச்சு, மேல நூலைச் சுத்தி, அவரு வர்றதுக்குள்ள மாட்டி வெச்சேன்."

"அவருகிட்டச் சொன்னியா?"

"காலையில சொல்லலாம்னு இருந்தேனுங்க. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. ஓடாதுன்னு அவரு சொல்லச் சொல்ல, உங்காளு ஒதைச்சாரு. அது கெளம்பிருச்சு. அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு பாருங்க."  அவள் நிமிர்ந்து நின்றாள். "வண்டியை எடுத்துட்டுப் போனதும் நான்தானுங்க. கந்தவேலை அடிச்சதும் நான்தான். அவருக்கு ஒண்ணுமே தெரியாது. என்னைப் புடிச்சுட்டுப் போங்க."

சாம்பல் படிந்த இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணி எத்தனையோ வாக்குமூலம் எழுதியவர். அன்று பென்சிலைப் பிடித்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியுங்க. அவரு செய்யறதைப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

"பங்களா வாசல்ல வண்டியை எப்படி நிறுத்தினே? எதைப் புடிச்சே?"

அவள் யோசித்தாள். பாவம், நெற்றி சுருங்க யோசித்தாள்.

"தானா நின்னுருச்சுங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  "வெள்ளியங்கிரி, இனி நீங்க வாயைத் தெறக்கலாம்."

வெள்ளியங்கிரி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். தொட்டித் தண்ணீரை, மணியன் வாங்கிய அடியை, சாம்பலை, மழையை எல்லாம் நிதானமாகச் சொன்னார். அவளுக்குப் பாதிதான் ஏறியது. அவர் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார்.

"மழையில ஓடாதுங்களா?"

"ஓடாது அம்மிணி. நீ புணைச்ச புணைப்பு ஈரம் தாங்காது. மழை புடிச்சப்பவே அது வண்டியில ஏறிருச்சுன்னு நீயே சொல்லிட்டே. நாங்க யாரும் சொல்லிக்குடுக்கலை. அன்னைக்கு ராத்திரி உன் வீட்டுக்காரர் அந்த வண்டியில தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க முடியாது."

"அப்ப நான் கட்டுனது அவரைக் கொல்லலீங்களா?"

"இல்லை."

அவள் அப்படியே தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் யார் முன்னாலும் அழாதவள் இப்போது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். மணியன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று பார்த்தான். கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில கார் அனுப்பறேன்மா. கோர்ட்டுக்கு வந்து முதல்ல சொன்னியே, கம்பி கட்டுன கதை, அதை மட்டும் சொல்லு. ரெண்டாவது சொன்னது பொய். அது வேண்டாம்."

தெய்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சற்று நேரம் அவரையும் வெள்ளியங்கிரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டையும் சொல்லிப்போடறேனுங்க சாமி" என்றாள். "எதுக்கும் இருக்கட்டும்."